பதவி தந்தார்கள், களம் தரவில்லை

பேஸ்பால் ஆட்டத்தைத் தங்கள் தேசிய விளையாட்டென்று அமெரிக்கர்கள் பெருமை பாராட்டுவர். 1947-ம் வருஷத்தில் ஜாக்கி ராபின்ஸன் உள்ளே நுழையும் வரை, அந்தத் தேசிய விளையாட்டின் பெரிய லீக்குகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறுப்பருக்கு இடம் இருக்கவில்லை. ராபின்ஸனை உலகம் அறியும். நாம் இங்கு எழுதப் புகுந்தது பக் ஓநீல் என்பவரைப் பற்றி.

1911-ல் பிளாரிடா மாகாணத்தில் பிறந்த ஓநீல், சிறு வயதில் ஸாரஸோட்டா நகரருகே கீரை வயல்களில் கூலி வேலை செய்தவர். அவ்வூர் உயர்தரப் பாடசாலை வெள்ளையருக்கே உரியதாகையால், படிப்புக்காக ஜாக்ஸன்வில் செல்ல நேர்ந்தது. 1938-ல் கான்ஸாஸ் ஸிடி மானர்க்ஸ் என்னும் கறுப்பர் குழுவில் சேர்ந்தார். 1948 முதல் 1955 வரை அதன் தலைமையை வகித்தார். பின்னர் சிக்காகோ கப்ஸ் குழுவினர், புதிய ஆட்டக்காரரைத் தேடிப் பிடிக்கும் உத்தியோகத்தில் அவரை அமர்த்தினர். லூ பிராக் என்னும் புகழ்பெற்ற வீரரைக் கண்டெடுத்து ஒப்பந்தம் செய்தவர் இவரே.

1962-ல் கப்ஸ் குழு அவரைப் பயிற்சியாளராக நியமித்தது. பெரிய லீக்குகளில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பர் அவர். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் நடந்தது யாது?

பேஸ்பாலில் ஒரு குழு பந்தடிக்கும்போது, அதன் பயிற்சியாளர் இருவர் முதல் பேஸ் அருகிலும் மூன்றாம் பேஸ் அருகிலும் நின்று, ஓடுவோரை "நில், ஓடு" என்று ஏவுவர். பார்ப்பவர் கண்ணுக்குப் பயிற்சியாளரின் அதிகாரம் புலப்படுவது அங்கேதான். அவ்விடத்தில் ஓநீல் ஒரு நாளும் நிறுத்தப்படவில்லை. அக்காலத்தில் கப்ஸ் குழுவுக்கு நிரந்தரத் தலைவர் கிடையாது. பயிற்சியாளர்களே முறை வைத்துத் தலைமை தாங்கும் விசித்திர ஏற்பாடு ஒன்று நிலவியது. அம்முறையிலும் அவர் பெயர் இல்லை. ஹூஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் நடுவர் இரு பயிற்சியாளரை வெளியேற்றவே, மூன்றாம் பேஸ் அருகில் இடம் காலியாயிற்று. ஓநீல் அருகிலேயே அமர்ந்திருந்தார். அவரை விடுத்து, மைதானத்தின் மறு கோடியில் பந்தெறிவோருடன் இருந்த வேறொருவரை அழைத்து நிறுத்தினார்கள்! பட்டத்தைக் கொடுத்து அதிகாரத்தைப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் வித்தை புதிதன்று. அவ்வருஷம் அக்குழு 103 ஆட்டங்களில் தோற்றது என்பதையும் குறிப்பிட்டு வைக்கிறோம். பெரிய லீக் குழு ஒன்றுக்கு ஒரு கறுப்பர் தலைமை வகிக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2006-ல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்குக் கறுப்பர் பேஸ்பாலைச் சார்ந்த பதினேழு பேரை ஒரு விசேஷக் கமிட்டி தேர்ந்தெடுத்தது. ஓநீல் அவர்களில் ஒருவரல்லர். அப்பதினேழு பேரும் காலஞ்சென்றவர்கள். ஆகவே அவர்கள் சார்பில் பேசுமாறு, தள்ளிவிட்ட ஓநீலையே கேட்டனர். தொண்ணூற்று நான்கு வயதுக் கிழவர் முகம் கோணாது இசைந்தார். ஜூலை மாதம் மேடையேறிப் பேசி, கூடியிருந்தோரைக் கைகோக்கச் செய்து பாடவும் வைத்தார். அக்டோபரில் காலமானார்.

மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2022-ல். அன்று அவர் சார்பில் பேச வேறொருவர் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.