வெட்டுப்புள்ளி யாரை அளக்கிறது?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு சுன்னாகம் சந்தைப் பக்கம் ரியூசன் சென்ரர்களின் பனர்கள் எழும்பிவிடும். பிள்ளையின் படம், கீழே 3ஏ, நான்கு தசமதானத்தில் இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை. பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிடும்போது கதை மாறும். மருத்துவத்துக்குக் கொழும்பின் புள்ளி மேலே, எங்களுடையது கீழே, முல்லைத்தீவினுடையது அதற்கும் கீழே. ஆகவே யாழ்ப்பாணத்தின் படிப்பு இறங்கிவிட்டது என்பார் ஒருவர். வன்னிப் பிள்ளைகளுக்குச் சும்மா இடம் கொடுக்கிறார்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சுக்கும் அந்தப் பட்டியலில் ஆதாரம் இல்லை.

இசட் புள்ளி 2001 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தின் தாள் கடினமாகவும் இன்னொன்று இலகுவாகவும் அமைந்தால் வெறும் மார்க்கைக் கூட்டிப் பார்ப்பது நியாயமில்லை. அதனால் பிள்ளையின் மார்க்கிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் வகுக்கிறார்கள். பேச்சுக்கு, பௌதிகவியலில் சராசரி 38, நியமவிலகல் 15 என்று வையுங்கள். 68 எடுத்தவருக்கு 2.0 வரும். இரசாயனவியலில் 1.5, இணைந்த கணிதத்தில் 1.6 என்றால் மூன்றின் சராசரி 1.7. சுன்னாகத்துப் பிள்ளைக்கும் காலிப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்; இதற்குள் மாவட்டமும் இல்லை, மொழியும் இல்லை.

இதைச் சொன்னால் பழையவர்கள் நம்பமாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 1970 பரீட்சையை வைத்துப் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு ஆள் எடுத்தபோது தமிழ்மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 வேண்டியிருந்தது, சிங்களமொழிமூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. 1973 இல் வந்த தரப்படுத்தல் ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனிக் கூட்டமாக எடுத்து, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தது. 1974 இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. விஞ்ஞானத் துறைகளில் 1970 இல் 35 சதவீதமளவில் இருந்த தமிழர் பங்கு 1974 இல் 21 சதவீதமளவுக்கு விழுந்தது. அந்த அடியில் படிப்பு முறிந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

சூத்திரம் எதுவானாலும், யாருடைய சராசரியோடு பிள்ளையை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகக் கலந்து புள்ளி போட்டார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் போய், 2012 ஜூனில் அந்தப் புள்ளிகள் இரத்தாகி, இரு தொகுதிக்கும் வேறுவேறாகக் கணக்கிட வேண்டிவந்தது.

மாவட்டம் உள்ளே வருவது அனுமதியில். விஞ்ஞான, கணித, வணிகத் துறைகளின் இடங்களில் 40 சதவீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 சதவீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறித்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1974 இல் முன்னேறிய மாவட்டமென்று தண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம்தான்!

2012 கணக்கெடுப்பின்படி யாழ். மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், தீவில் 203 இலட்சத்துக்கு மேல். மூன்று சதவீதமும் வராது. 1000 இடமுள்ள துறை என்றால் மாவட்டப் பங்கான 550 இல் எங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16. திறமை வரிசையில் போனவர்கள் இந்தப் பதினாறில் அடங்கமாட்டார்கள். அவர்கள் போன பிறகு எஞ்சியவர்களில் பதினாறாவது ஆளின் புள்ளியைச் சுற்றித்தான், 5 சதவீதத்தில் வரும் சில இடங்களையும் சேர்த்து, வெட்டுப்புள்ளி நிற்கும். அந்த வாசலால் கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி அது. மாவட்டத்தின் முதல் பிள்ளையைப் பற்றியோ சராசரிப் பிள்ளையைப் பற்றியோ அது வாய் திறக்காது. இருபது பேர் திறமை வரிசையில் ஏறிவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு வழி கிடைக்கும். அந்த வருடம் மாவட்டம் நன்றாகச் செய்தும் வெட்டுப்புள்ளி கூடாமல் இருக்கலாம். முல்லைத்தீவில் உயிரியல் படிப்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலைகளே சில. போட்டியிடுகிறவர்கள் குறைய, கடைசி ஆளின் புள்ளியும் இறங்கும். அதைப் பிள்ளைகளின் மூளைக்கு அளவுகோலாக எடுப்பது அநியாயம்.

எனக்குள்ள குறை வேறு. யாழ். மாவட்டம் என்ற ஒரே பெட்டிக்குள் வலிகாமத்தின் பெரிய கல்லூரிகளும் இருக்கின்றன, படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவும் இருக்கிறது. காலையில் பாடசாலை, பின்னேரம் சுன்னாகத்தில் இரண்டு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. கொழும்பின் தோட்டக் குடியிருப்புப் பிள்ளையும் றோயல் கல்லூரி மாணவனும் அப்படித்தான். மாவட்டங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கோட்டா கொஞ்சம் குறைக்கிறது. மாவட்டத்துக்குள் இருப்பதை அது கண்டுகொள்வதேயில்லை.

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: பிள்ளையை வன்னிப் பாடசாலைக்கு மாற்றினால் இலகுவாகக் கிடைக்குமா? பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எங்கே படித்தார் என்பதைத்தான் ஆணைக்குழு முதலில் பார்க்கும். உயர்தர வகுப்பில் ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாலும் வீண் அலைச்சல்.