கை மறந்த கருவிகள் – 9
மேலாள், கீழாள், ஆளுயர ரம்பம்

சென்ற வாரம் வாய்ச்சியைப் பார்த்தோம். அடிமரத்தைச் செதுக்கிச் சதுரமாக்க வாய்ச்சி போதும். அந்தச் சதுரத்திலிருந்து பத்துப் பலகை எடுக்க வேண்டுமானால் இரண்டு ஆள் வேண்டும்; இருவரும் பிடிக்க ஆளுயர ரம்பம் ஒன்று வேண்டும்.

வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டின் பெயரிலேயே ஒரு மரம் நிற்கிறது. ஒதியின் போத்தை வெட்டி நட்டால் போதும், வேலிக்காலாகத் துளிர்த்துக்கொள்ளும். பிறகு மளமளவென்று பருக்கும். ஆனாலும் ‘ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது’ என்பார்கள். பருமன் இருக்கிறது, வைரம் இல்லை. மரத்தைப் பிளந்து உள்ளே பார்த்தவர்களிடம்தான் இப்படி ஒரு பழமொழி பிறக்கும். கையால் மரம் அறுத்தவர்களைக் கூலியாள் கணக்கில் எழுதி மறந்துவிட்டோம். அவர்களிடம் இருந்தது தோள்வலிமை மட்டும் என்று நினைத்தால், அவர்கள் தொழிலில் பாதியைக்கூட நாம் அறியவில்லை என்று பொருள்.

வேலை ரம்பத்தை எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். மரம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, நார் நேராக ஓடுகிறதா முறுக்கிக்கொண்டு ஓடுகிறதா, கணு எங்கே, பொந்து எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். தெருவோரத்துப் பூவரசில் யாரோ என்றோ அடித்த ஆணி சதைக்குள் புதைந்திருக்கலாம். ரம்பம் அதில் பட்டால் பல் போய்விடும். நடுத்தண்டு ஒரே பலகைக்குள் சிக்கினால் அந்தப் பலகை வெடிக்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரவாட்டில் அறுத்த பலகை காய்ந்த பிறகும் நேராக நிற்கும். ஓரத்தில் அறுத்தது பட்டைப் பக்கமாகக் குழியும். எந்தத் துண்டு கதவுக்கு, எது நிலைக்கு, எது கைமரத்துக்கு என்பதையெல்லாம் முதல் இழுப்புக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். தவறாக அறுத்த மரத்தை ஒட்ட வைக்க முடியாது.

பிறகு நூல் போடுவார்கள். கரியிலோ காவியிலோ தோய்த்த நூலை மரத்தின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். இரு முனைகளிலும் தூக்குக்குண்டு விட்டு, மேல்கோடும் கீழ்கோடும் ஒரே நேரில் வரும்படி குறித்துக்கொள்வார்கள்.

மரத்தைத் தாங்க இரண்டு வழி. ஒன்று, ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி அதன்மேல் குறுக்காகக் கிடத்துவது. மற்றொன்று, இரண்டு கழிகளைக் கத்தரிபோல் கட்டி நிறுத்தி, மரத்தின் ஒரு முனையை அதன்மேல் ஏற்றிச் சாய்த்து வைப்பது. தோண்டினால் நீர் ஊறும் தாழ்ந்த நிலத்தில் குழி உதவாது; அங்கே கத்தரிக்கால்தான். ஒரு பாதி அறுத்ததும் மரத்தைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து அறுத்து வருவார்கள். இரண்டு அறுப்பும் நடுவில் ஒரே கோட்டில் சேர வேண்டும். அங்கே விழும் சிறு படி ஒன்றே வேலையின் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரம்பத்தின் பற்கள் கீழ்நோக்கியிருக்கும். கீழாள் இழுக்கும்போதுதான் மரம் அறுபடுகிறது. மேலாள் ரம்பத்தைத் தூக்குகிறார். தூக்கும்போதே அது கோட்டைவிட்டு விலகாமல் நடத்துகிறார். கோடு மேலாளின் கண்ணில், பாரம் கீழாளின் தோளில். தூள் முழுதும் கீழே நிற்பவர் முகத்தில்தான் கொட்டும். அறுபட்ட வாய் நெருக்கிப் பிடித்தால் ஆப்பு அடித்து அகலப்படுத்துவார்கள். அலகில் எண்ணெய் தடவுவார்கள்.

மரத்தைக் குறுக்கே துண்டுபோடும் இரட்டைப்பிடி ரம்பத்துக்குச் சட்டம் வேறு. அங்கே இருவரும் இழுக்க மட்டும் வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திவிட வேண்டும்; உதவுவதாக நினைத்துத் தள்ளினால் அலகு மடங்கும். எதிராளி இழுக்கும்போது சும்மா விடுவதே புதிதாக வருபவருக்குக் கடினமான பாடம்.

அரத்தால் பல் தீட்டுவது தனி வித்தை. பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் மடித்தால்தான் அலகு சிக்காமல் ஓட இடம் கிடைக்கும். ஒரு பக்கம் மடிப்பு கூடிவிட்டால் ரம்பம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

உலகெங்கும் பெரும் கட்டடங்களும் கப்பல்களும் இந்த இருவரை நம்பியே எழுந்தன. நெதர்லாந்தில் 1594-ல் கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன் காற்றாலையால் மரம் அறுத்துக் காட்டினார். லண்டனின் லைம்ஹவுஸில் அப்படி ஓர் ஆலை எழுந்தபோது, 1768-ல் கை ரம்பக்காரர்கள் திரண்டு வந்து அதைத் தாக்கினார்கள். பிழைப்பு போகிறதே என்ற பதைப்பு அது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய புதுச்சேரி, 1765-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி மறுபடி கட்டப்பட்டது. உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பாவிய மெட்ராஸ் தளம் அந்த நகரத்துக் கூரை. உத்தரம் ஒன்றுக்கொன்று உயரம் பிசகினால் தளம் மட்டமாக அமையாது. நீராவி ஆலை வராத காலம். அந்த அளவைக் காத்தது கை ரம்பம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்குக் கவர்னரே வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காலம் தொட்டு வருகிறது. இலுப்பை, வேங்கை, தேக்கு என்று தேருக்கு வேண்டிய கனத்த சட்டங்களையும் அந்நாளில் இப்படித்தான் எடுத்தார்கள். வடம் பிடித்தவருக்குப் பெயர் இருக்கிறது. ரம்பம் பிடித்தவருக்கு இல்லை.

மின்சாரம் வந்தது, மரவாடிகளில் பட்டை ரம்பம் ஓடத் தொடங்கியது. ஒரு நாள் வேலை சில நிமிடங்களுக்குள் முடிந்தது. முதுகொடியும் அந்த உழைப்பு ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. மரத்தைப் பார்த்து அறுக்கும் அறிவும் சேர்ந்து போகிறதே, அதுதான் வருத்தம்.

அதன் தடம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இழைப்புளி படாத இடத்தைத் தேடுங்கள்: பரண் பலகையின் மேல்புறம், உத்தரத்தின் சுவரோர முகம். வட்ட ரம்பம் வில்போல் வளைந்த கீறல்களை விட்டிருக்கும். பட்டை ரம்பத்தின் கீறல்கள் நேராக, ஒரே சீராக இருக்கும். கை ரம்பத்தின் கீறல்களோ நேராக இருந்தாலும் இடைவெளி கூடிக் குறையும். ஆள் நின்ற நிலையை மாற்றிய இடத்தில் சாய்வும் மாறும்.

பழைய வீட்டை இடிக்கும் முன் அந்த மரத்தைப் படம் எடுத்துவையுங்கள். என்ன மரம், எந்த இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள். ஊரில் ரம்பம் இழுத்த பெரியவர் எவரேனும் இருந்தால், எப்படி மரம் பார்த்தார், எங்கே நூல் போட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆலை வைத்திருப்பவர்களும் கேட்கலாம். எங்கே அறுப்பது என்பதை இயந்திரம் இன்னும் மனிதனிடம்தான் விட்டு வைத்திருக்கிறது.

(அடுத்த வாரம்: இழைப்புளி)