நிறுத்துவார் இல்லாத சமர்: முகம்மது அலியும் ஹெவிவெயிட் தொழிலும்

ஹெவிவெயிட் எனப்படும் அதிபார எடைப் பிரிவு குத்துச்சண்டையின் ஏனைய பிரிவுகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் இவ்வளவு எடைக்கு மேற்படலாகாது என்ற உச்ச வரம்பு உண்டு, இதற்கோ கீழ் வரம்பு மட்டுமே உண்டு. முகம்மது அலி மோதிய காலத்தின் பெரும்பகுதியில் 175 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 79 கிலோகிராமுக்கு, மேற்பட்ட எவரும் இப்பிரிவில் இறங்கலாம் என்றிருந்தது. இன்று அவ்வரம்பு பொதுவாக 200 இறாத்தல். எடைக்கு எல்லை இல்லாதபோது குத்தின் விசைக்கும் எல்லை இல்லாமற் போவதால், இப்பிரிவில் புகழும் பணமும் ஆபத்தும் மற்றெல்லாவற்றையும் விட அதிகம்.

இலங்கை வாசகர் அறிந்த குத்துச்சண்டை, பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயம், முப்படை அணிகளின் போட்டிகள் என்ற வகையைச் சேர்ந்தது. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிகஸ் இலங்கைக்குத் தங்கம் வென்றதும் இவ்வகையிலேதான். மூன்று சுற்றுகளில் முடிந்துவிடும் அந்த ஆட்டத்துக்கும், அலியின் காலத்தில் பட்டத்துக்காக 15 சுற்றுகள் வரை நீண்ட தொழில்முறை ஆட்டத்துக்கும் இடையே பெரும் தூரம் உண்டு. தொழில்முறையில் போட்டியை ஏற்பாடு செய்து பணம் முதலிடும் புரொமோட்டர், வீரரின் ஒப்பந்தங்களைப் பேசும் முகாமையாளர், வளையத்தின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர், அனுமதிப்பத்திரம் வழங்கும் மாநில ஆணைக்குழு என்று பலர் ஒரு வீரரைச் சூழ்ந்திருப்பர். ஆயினும் அவருடைய தொழில்வாழ்க்கை முழுவதையும் பார்த்து ‘இனிப் போதும்’ என்று சொல்லும் கடமையும் அதிகாரமும் ஒருசேர உடையவர் அவர்களுள் எவரும் இலர். அலியின் 21 ஆண்டுத் தொழில்வாழ்க்கையை இக்குறையின் வரலாறாகவே வாசிக்க இடமுண்டு.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நீளும் கரையோரத்தில் மாலை மைதானங்களை உதைபந்தும் கிரிக்கெட்டுமே நிறைக்கின்றன. ஆயினும் குத்துச்சண்டையை ஒருபோதும் நேரிற் காணாத முதியவர்களும் அலியின் பெயரை அறிவர். அதற்குக் காரணம் அவர் வென்ற ஆட்டங்கள் மட்டுமல்ல. 1942 ஜனவரி 17 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கஷியஸ் கிளே என்ற பெயருடன் பிறந்து, 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1964 பெப்ரவரியில் சொனி லிஸ்டனை வீழ்த்தி 22 வயதில் உலக சம்பியனானவர், அடுத்த சில நாட்களிலேயே இஸ்லாத்தின்பால் தாம் கொண்ட பற்றைப் பகிரங்கப்படுத்திப் புதிய பெயரை ஏற்றார். 1967 ஏப்ரலில், வியட்நாம் போருக்காகப் படையிற் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது, மேன்முறையீட்டால் அவர் சிறைக்கு வெளியே இருந்தபோதிலும், 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கும் வரை வழக்கு அவரைத் தொடர்ந்தது. செல்வமும் புகழும் கைவரப்பெற்ற ஒருவர் தம் மனச்சாட்சிக்காக இரண்டையும் துறக்கத் துணிந்தமை, விளையாட்டு வரலாற்றில் மிக அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

அத்துணிவுக்கு அவர் கொடுத்த விலை, பொதுவாக எண்ணப்படுவதை விடப் பெரிது. 1967 மார்ச் முதல் 1970 ஒக்டோபர் வரை, 25 வயதுக்கும் 28 வயதுக்கும் இடைப்பட்ட அவருடைய உச்சப் பருவத்தில், வளையத்துள் இறங்க அவருக்கு அனுமதி இல்லை. அதற்கு முன்னைய அலியின் பாதுகாப்பு அவருடைய கால்களிலே இருந்தது. கைகளைத் தாழ்த்தி வைத்து, குத்து வரும் கணத்தில் தலையைப் பின்னே சாய்த்து, எதிரியின் கையுறை தம்மைத் தொடாத தூரத்தை அளந்து நிற்பது அவர் பாணி. மீண்டு வந்தபோது அந்தக் கால்கள் பழைய விரைவை இழந்திருந்தன. குத்துகளைத் தவிர்க்க முடியாதபோது தாங்கிக்கொள்ள முடியும் என்பதை அவர் அறிந்துகொண்டார். பிற்கால வெற்றிகள் பலவற்றுக்கும் பின்வந்த கேட்டுக்கும் இதுவே வேர்.

1974 ஒக்டோபர் 30 அன்று சயர் நாட்டின் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக அவர் கையாண்ட உத்தி இதற்குச் சான்று. வளையத்தின் கயிறுகளில் முதுகைச் சாய்த்து, முன்னங்கைகளால் முகத்தை மறைத்து, இளையவரும் வலியவருமான ஃபோர்மனைச் சலிக்கும்வரை குத்தவிட்டு, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். உலகம் அதை மதியூகம் என்று போற்றியது, அது மதியூகமே. ஆனால் அதே உத்தி பயிற்சிக் கூடத்திலும் அன்றாட வழக்கமாயிற்று. 1975 ஒக்டோபரில் மனிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் நிகழ்ந்த மூன்றாவது மோதலில் 14 சுற்றுகள் முடிந்தபின், ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தம் வீரரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் ஆட்டத்தை நிறுத்தினார். வெற்றி அலிக்குக் கிடைத்தது; தம்மைத் தடுத்து நிறுத்தும் ஒருவர் அன்று தோற்றவருக்கே வாய்த்திருந்தார்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. 1977 செப்டெம்பரில் எர்னி ஷேவர்ஸின் கடும் குத்துகளை 15 சுற்றுகள் தாங்கி அலி வென்றபின், அவருடைய வைத்தியர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிய ஆய்வுகூட அறிக்கையை அலிக்கும் அவரைச் சூழ்ந்திருந்தோருக்கும் அனுப்பினார். பதில் வராததால் அக்குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டில் லியோன் ஸ்பிங்ஸிடம் பட்டத்தை இழந்து ஏழு மாதங்களில் மீட்டு, மூன்று முறை பட்டம் வென்ற முதல் ஹெவிவெயிட் வீரர் என்ற பெருமையுடன் 1979 இல் அலி ஓய்வை அறிவித்தார்.

தமிழகம் அவரைக் கண்டது இந்த இடைவெளியிலேதான். 1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த அலி, டில்லியில் கவுர் சிங் என்ற இராணுவ வீரருடன் காட்சிப் போட்டியில் மோதினார். பின்னர் 1982 ஆசிய விளையாட்டு விழாவில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் இவரே. சென்னை நேரு விளையாட்டரங்கில், முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் முன்னிலையில், தம் இளமைக்கால நண்பரும் முன்னாள் சம்பியனுமான ஜிம்மி எலிஸுடன் அலி மோதினார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற பரம்பரைகளாகப் பிரிந்து ‘ரோசமான குத்துச்சண்டை’ வளர்த்த வடசென்னைக்கு அது பெருநாள். அன்று அலிக்கு வயது 38. அந்தப் பயணத்தின்போதே, மொஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆபிரிக்க நாடுகளின் ஆதரவைத் திரட்டும் தூதராக அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அவரை அனுப்பினார். அந்தத் தூது வெற்றி பெறவில்லையெனினும், வளையத்துக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்வு காத்திருந்தது என்பதை அது காட்டுகின்றது.

அவரோ வளையத்துக்கே திரும்பினார். மறுவரவுக்கு முன் மேயோ மருத்துவ நிலையத்தில் நடந்த பரிசோதனையில், ஒற்றைக் காலில் துள்ளுவதிலும் விரலால் மூக்கு நுனியைத் தொடுவதிலும் சிறு தடுமாற்றம் பதிவாயிற்று. எனினும் போட்டியைத் தடுக்கப் போதிய காரணம் அதில் இல்லை எனக் கொள்ளப்பட்டு, நெவாடா மாநில ஆணைக்குழு அனுமதி வழங்கியது. எடை குறைக்கவென உட்கொண்ட தைரொய்ட் மாத்திரைகள் அவருடைய வலுவை உறிஞ்சியிருந்தன. 1980 ஒக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் எதிரே நின்றவர், ஒருகாலத்தில் அவருடைய பயிற்சித் துணையாக இருந்த லரி ஹோம்ஸ். மூன்று நடுவர்களும் பத்துச் சுற்றுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்தனர். பத்தாம் சுற்றின் முடிவில் பயிற்சியாளர் அஞ்ஜலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் கண்ணீர் விட்டார். அதன் பின்னும் 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவுகளில், சுற்றுகளை அறிவிக்க மாட்டு மணி ஒலித்த ஒரு போட்டியில் ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றே அலி விடைபெற்றார். மொத்தம் 61 போட்டிகள். 56 வெற்றி, 5 தோல்வி.

கையுறை தலையைக் காக்கின்றது என்பது பரவலான எண்ணம். அது முதன்மையாகக் காப்பது குத்துபவரின் விரல் எலும்புகளையே. வெறுங்கையால் மண்டையோட்டில் ஓங்கிக் குத்தினால் கை முறியும் என்ற அச்சம் நீங்கியதால், தலையை நோக்கிய குத்துகள் பெருகின. ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டி கையுறை அணிந்து நடக்கத் தொடங்கியது 1892 ஆம் ஆண்டில். ஒவ்வொரு குத்திலும் தலை திடீரெனச் சுழல, திரவத்தில் மிதக்கும் மூளை சற்றுப் பிந்திச் சுழன்று, நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. குத்துச்சண்டை வீரரின் தள்ளாட்டத்தையும் நாக்குழறலையும் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற வைத்தியர் 1928 இலேயே மருத்துவ இதழில் விவரித்திருந்தார். 1984 இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் உறுதிசெய்யப்பட்டன. அவற்றில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் வைத்தியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சென்னையில் அவருடன் மோதிய எலிஸும் மறதிநோயால் நலிந்து 2014 இல் மறைந்தார். அலி 2016 ஜூன் 3 அன்று, 74 ஆவது வயதில் காலமானார்.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ், புரொமோட்டர்களின் சுரண்டலைக் கட்டுப்படுத்த இயற்றிய சட்டத்துக்கு அலியின் பெயரையே சூட்டியது. போட்டியிலிருந்து புரொமோட்டர் பெறும் வருமானத்தை வீரருக்கு வெளிப்படுத்த வேண்டும், ஒருவரே புரொமோட்டராகவும் முகாமையாளராகவும் இருக்கலாகாது என்று அது விதிக்கின்றது. வயது முதிர்ந்த வீரரை எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை அச்சட்டம் தொடவில்லை. அனுமதிப்பத்திரம் வழங்கும் முடிவு இன்றும் அந்தந்த மாநில ஆணைக்குழுவின் கையிலேயே உள்ளது.