புழுங்கலரிசியும் பெரிபெரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மாண்டனர். அந்நோயின் பெயர் பெரிபெரி. தோட்டங்களில் இருந்த தமிழர்க்கோ அது அரிதாகவே வந்தது. இரு சாராரும் உண்டது சோறே. எனின், வேற்றுமை யாது? சீனர் உண்டது நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

1905ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதிக்கத் தொடங்கினார். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றதில் ஒருவரும் இறந்திலர். மறுத்துரைக்க இயலாதோரை வைத்துச் செய்த இச்சோதனையை இன்று எவரும் ஒப்பார். ஆயினும் 1907இல் வெளிவந்த அதன் முடிவு பல உயிர்களைக் காக்க உதவிற்று.

காரணம் தயமின் எனும் பி1 உயிர்ச்சத்து. அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் அதில் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினும் முற்றும் போவதில்லை. பன்முறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் எஞ்சியதைக் குறைக்கும்.

புழுங்கலரிசி மட்டும் போதும் என்பதன்று இதன் பொருள். வைட்டமின் ஏ, சி ஆகியவற்றை அது தராது. அவற்றைக் கீரை, பழம் முதலிய பிற உணவுகளிலிருந்து பெறவேண்டும். இன்று நம்மில் பலர் வெள்ளையரிசி உண்டும் பெரிபெரிக்கு ஆளாகாதிருப்பது, சோற்றோடு சேரும் பருப்பாலும் பயற்றாலும் மீன், இறைச்சியாலுமே.