தாங்குதலும் எதிர்த்தலும்: ஒரு வேளாண் கலைச்சொல் பற்றிய ஆய்வு

எள்ளின் நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. பின்னர்க் கடுகு, நிலக்கடலை, சோயா முதலியவற்றின் நெய்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. இவ்வாறு ஒரு சொல்லின் பொருள் விரிவது மொழிக்கு வளம். ஆயின், ஒரு கலைச்சொல் பொருளைத் தலைகீழாகக் காட்டுமாயின் அது கற்போருக்குக் கேடு. எண்ணெய்வித்துப் பயிர்களைப் பற்றி வழங்கும் அத்தகைய சொல் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

மரபணு மாற்றப்பட்ட சோயா, கனோலா, கடுகு ஆகியவற்றைத் தமிழில் எழுதுவோருள் சிலர் 'களைக்கொல்லி எதிர்ப்புப் பயிர்' என்று குறிக்கின்றனர். இதைப் படிக்கும் மாணவர் என்ன பொருள் கொள்வார்? பூச்சி எதிர்ப்புப் பயிர் பூச்சியைத் தடுக்கும்; நோய் எதிர்ப்பாற்றல் நோயைத் தடுக்கும். அவ்வழியே, இப்பயிர் களைக்கொல்லியை விலக்கி வைக்கும் என்றே அவர் எண்ணுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. வயல் முழுவதும் களைக்கொல்லியைத் தெளித்தால் களைகள் மடியும். பயிர் மட்டும் பிழைக்கும். அந்நஞ்சைத் தடையின்றித் தெளிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பயிர் அது.

அது பிழைப்பது எங்ஙனம்? கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி, செடிக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களை ஆக்கும் நொதி ஒன்றை முடக்குகிறது. மண்வாழ் பாக்டீரியா ஒன்றிடம் அதே பணியைச் செய்யும் நொதி உண்டு. அது இந்நஞ்சால் முடங்குவதில்லை. அந்நொதிக்குரிய மரபணுவைப் பெற்ற சோயா 1996-இல் அமெரிக்காவில் வணிகப் பயிராயிற்று. இச்செடி நஞ்சோடு போரிடவில்லை. மேலே நஞ்சு பட்டும் தன் இயக்கம் குன்றாமல் தாங்கி நிற்கிறது. எனவே, 'களைக்கொல்லி தாங்கு பயிர்' என்பதே பொருத்தமான பெயர்.

எதிர்ப்பு என்னும் சொல்லைக் களைகளுக்கு வழங்கலாம். ஒரே களைக்கொல்லியை மீண்டும் மீண்டும் தெளித்தால், இயல்பிலேயே அதற்கு மடியாத ஒருசில களைகள் விதை சிந்திப் பெருகும். கேழ்வரகின் நெருங்கிய உறவான ஒரு புல், மலேசியாவில் கிளைபோசேட்டுக்கு மடியாமல் நின்றதை 2000-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை பதிவுசெய்தது. அமெரிக்காவின் சோயா வயல்களிலும் பருத்தி வயல்களிலும் கீரை இனத்துக் களையொன்று இவ்வாறே உழவர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. பயிர் தாங்குவது மனிதர் திட்டமிட்டது. களை எதிர்ப்பது அதன் விளைவாக நேர்வது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் காரணமும் விளைவும் மயங்கிவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு இந்தியக் கடுகு ஒன்றே சான்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெந்தல் தலைமையிலான குழு உருவாக்கிய அக்கலப்பினத்தின் பெயர் டி.எம்.எச்.-11. கடுகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை கொள்வது. ஆதலின் கலப்பின விதை எடுப்பது அரிது. இதற்காகப் 'பார்னேஸ்' என்னும் மரபணு தாய்ச்செடியில் மகரந்தம் உருவாகாமல் தடுக்கிறது. 'பார்ஸ்டார்' என்னும் மரபணு கலப்பினத்தில் அவ்வளத்தை மீட்கிறது. 'பார்' என்னும் மூன்றாவது மரபணு, குளுபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது.

விதை உற்பத்தியில் வேண்டாத செடிகளைக் களைவதற்கே இம்மூன்றாவது மரபணு என்பர் உருவாக்கியோர். அது விதையினுள் இருக்கும்வரை பயிர் களைக்கொல்லி தாங்கு பயிரே என்பர் மறுப்போர். 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, உழவர் வயலில் அக்களைக்கொல்லியைத் தெளிக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு இக்கடுகைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இவ்வொப்புதல் குறித்து மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். நம் இலக்கணம் காரணப்பெயர் என்று ஒரு வகை கூறும். அக்காரணம் பொருளின் இயல்பா, ஆக்கியோனின் நோக்கமா என்னும் வினாவே இவ்வழக்கின் உள்ளே கிடக்கிறது.

நம் வாழ்விலிருந்தும் ஒரு சொல்லை எண்ணிப் பார்ப்போம். ரவாங் போன்ற ஊர்களைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்களிலும், பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களிலும், களைக்கொல்லி தெளித்தோருள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். அவ்வேலைக்கு வழங்கிய பெயர் 'மருந்தடித்தல்'. மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்த பாராகுவாட்டும் அவர்கள் நாவில் மருந்தே. நோய் தீர்ப்பதற்குரிய பெயரை நஞ்சுக்குச் சூட்டினால், கையுறையும் முகமூடியும் எதற்கு என்று தோன்றாதோ? தவறு அப்பெண்களுடையது அன்று; உரிய சொல்லை உரிய வேளையில் அவர்களிடம் சேர்க்காத கற்றோருடையது.

ஆதலின், ஆசிரியர்கள் மூன்று சொற்களை வகுப்பில் பிரித்துக் காட்டுதல் வேண்டும்: பூச்சியை எதிர்க்கும் பயிர், களைக்கொல்லியைத் தாங்கும் பயிர், களைக்கொல்லியை எதிர்க்கும் களை. இப்பயிர்கள் வேண்டுமா, வேண்டாவா என்பதை மாணவர் தாமே ஆய்ந்து முடிவுசெய்யட்டும். அவ்வாய்வுக்குப் பிழையற்ற சொல்லைத் தருவது மொழி கற்பிப்போர் கடன்.