இரும்பு இசை – 5: ஒரே நாளில் பதிவான ஆல்பம்

சென்ற வாரம் பிரிட்டனின் ப்ளூஸ் கிதார் கலைஞர்களைப் பார்த்தோம். அந்த ப்ளூஸிலிருந்து ஹெவி மெட்டல் பிரிந்து தனிக்குரல் பெற்றது 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் ஆல்பத்தில்தான். குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது.

இதைச் சாத்தானின் இசை என்று அன்று பலர் பயந்தார்கள். எனக்கு இதில் கேட்பது தொழிற்சாலை. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் நால்வர். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். திருடிவிட்டுச் சிறைக்கும் போய்வந்தவர். கிதார் கலைஞர் டோனி அயோமிக்குத் தகடு வெட்டும் ஆலையில் வேலை. 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, எந்திரம் அவருடைய வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

ஆலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீவிபத்தில் விரல்கள் முடங்கியும், இரண்டே விரல்களால் ஜாஸ் வாசித்த மேதை அவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பிகள் செய்துகொண்டார். தடித்த தந்திகள் வலித்தன. மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார். பழையபடி எல்லா கார்டுகளையும் பிடிக்க முடியவில்லை. ஓரிரு சுரங்களை மட்டும் பிடித்து, அவற்றையே கனமாக அதிரவிட்டார். அந்தக் காயத்துக்கு வழி தேடிப் போனபோது பிறந்த ஒலி இது.

தலைப்புப் பாடலைக் கேளுங்கள். மொத்தம் மூன்று சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கல்யாணியில் பஞ்சமத்தின் பக்கத்தில் அத்தனை இனிக்கும் அதே மத்தியமம், இங்கே துணையில்லாமல் நின்று நடுங்குகிறது. குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' இசையை பாஸ் கிதார் கலைஞர் கீஸர் பட்லர் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதற்கான பொறி கிடைத்தது.

1969 அக்டோபரில் லண்டன் ரீஜெண்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் ரோஜர் பெய்ன் தயாரிப்பில் பதிவு நடந்தது. ஒரே நாள்தான். மேடையில் வாசிப்பதுபோலவே சேர்ந்து வாசித்துப் பதிந்தார்கள். நடுவில் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் பழுதாக, கையிலிருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். பிறகு அதுவே அவருடைய அடையாளமானது. தொடக்கத்தில் வரும் மழையும் மணியோசையும் பின்னர் சேர்த்தவை.

'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதை மீறி பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடம், அமெரிக்காவில் 23. பேங்ஸின் காது தவறவிட்டது பில் வார்டின் டிரம்ஸை என்பேன். அத்தனை கனத்துக்கு அடியில் ஒரு ஜாஸ் கலைஞரின் ஊஞ்சல் இருக்கிறது. பின்னால் வந்த பல மெட்டல் குழுக்கள் கனத்தை எடுத்துக்கொண்டு ஊஞ்சலை விட்டுவிட்டன.

சாத்தான் பழிக்கு வருவோம். உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது இசைத்தட்டு நிறுவனம். குழுவைக் கேட்கவே இல்லை. தலைப்புப் பாடலில் பேசுபவன் கரிய உருவத்தைக் கண்டு மிரண்டு கடவுளைக் கூப்பிடுகிறான். அதில் இருப்பது வழிபாடல்ல, பயம். குழுவினர் கழுத்தில் தொங்கிய உலோகச் சிலுவைகளைச் செய்துகொடுத்தவர் ஆஸியின் தந்தை. கருவி செய்யும் தொழிலாளி.

2025 ஜூலை 5 அன்று நால்வரும் அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி இறந்தார்.

ஆல்பம் ஏறத்தாழ 38 நிமிடம். துண்டு துண்டாகக் கேட்காமல் ஒரே அமர்வில் கேளுங்கள். 1970 செப்டம்பரில் வந்த இவர்களின் 'பாரனாய்ட்' ஆல்பம் அடுத்த வாரம்.