வாவியின் ஒளியும் வளையியின் கணிதமும்

நண்பகலில் மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்புப் பேரொளி வீசும். பழைய கல்லடிப் பாலத்தின் அடிப்புறமோ நிழலில் மூழ்கிக் கிடக்கும். இவ்விரண்டையும் ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தில் தெளிவுறக் காட்டுதல் எங்ஙனம்? கணிதம் இதற்கு விடை பகர்கின்றது.

1890ஆம் ஆண்டில் ஹர்ட்டர், டிரிபீல்ட் என்னும் அறிஞர் இருவர், படத்தகடு ஏற்ற ஒளிக்கும் அதிற் படிந்த கருமைக்கும் உள்ள தொடர்பை வளையியாக வரைந்தனர். இக்கால எண்முறைப் படத்திலோ ஒவ்வொரு புள்ளியும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகும். 0 கருமை, 255 வெண்மை. பழைய எண்ணைக் கிடையச்சிலும் புதிய எண்ணை நிலைக்குத்தச்சிலும் குறிப்பின் வளையி பிறக்கும். அதன் படித்திறன் ஒன்றினும் மிகுந்த இடத்தில் நிறவேறுபாடு பெருகும். குறைந்த இடத்திற் சுருங்கும்.

எண்ணை 255ஆல் வகுத்து, வர்க்கமூலங் கண்டு, மீண்டும் 255ஆற் பெருக்கின், 64 ஏறத்தாழ 128 ஆகும். பாலத்து நிழல் துலங்கும். ஆயின் 192 ஏறத்தாழ 221 ஆகும், 255 மாறாது. ஆகவே 63 படிகளில் விரிந்திருந்த நீரலைகள் 34 படிகளில் ஒடுங்கும். இரு முனைகளும் மாறாதிருத்தலின், ஓரிடத்திற் பெற்றதை வேறோரிடத்தில் இழத்தல் தவிர்க்கவொண்ணாதது. மேலும், படம் பிடிக்கும்போதே 255ஐ எட்டிவிட்ட அலைகளை எவ்வளையியும் மீட்காது.

ஆதலின், பழம்படங்களைப் பேணுவோர் மூலத்தை மாற்றாது காத்து, அதன் பிரதியிலேயே வளையியைப் பிரயோகித்தல் கடனாகும்.